ஷாகிரை நகர்த்தும் பெட்டி

ஆலங்குடி ஷாகிர் தன் மகளுக்காகச் செய்த கேம் பெட்டியில் வலது பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் நகராது, ஷாகிர்தான் ஓரடி வலப்பக்கம் போவார். மேல் பொத்தானுக்குக் குதிப்பார். முதல் தடவை கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். டீ சிந்தியது, அவ்வளவுதான். அந்த வாரம் தேங்காய் விலை படுத்துவிட்டதால் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒவ்வொரு தடவையும் மகள் சாமியா கதவோரம் நின்று, விருந்தாளியைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பாள். அதுதான் அவரைக் கொன்றது. தன் கையால் ஒரு கேம் பெட்டி செய்து கொடுத்துவிட்டால் தன்னை அத்தா என்று ஒட்டிக்கொள்வாள் என்று நம்பி, கூரியரில் சாமான் வரவழைத்து உட்கார்ந்தார். பெட்டி உருவானது, திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது. பேட்டரி சரி, ஒயர் சரி, மல்டிமீட்டர் காட்டிய கணக்கெல்லாம் சரி. ஈயத்தை உருக்கி எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக லீவு கரைந்தது. கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது. "ஏங்க, லீவுல வந்த மனுசன் இப்புடியா கூன் போட்டு ஒக்காந்திருப்பீங்க? கடையில ஒன்னு வாங்கிக் குடுத்துட்டுப் படுங்க" என்றாள் மனைவி ஹம்னா. அவர் மறுபடி ஈயத்தை உருக்கினார். சாமியாவோ பொத்தான்களை அழுத்தி அழுத்தி அவரை அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓட்டிக்கொண்டு போய், தெருப் பிள்ளைகளிடம் காட்டிச் சிரித்தாள். அவர் அலுத்துப்போய் நடந்தார்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், பூதக்கண்ணாடியில் கோளாறு பிடிபட்டது. போர்டில் ஈயம் வைக்க ஆரம்பித்த அன்று வெள்ளிக்கிழமை. ஈயம் ஒட்டுவதற்கான பிசின் பசை தீர்ந்திருந்தது. கடைக்காரர் ஜும்மா முடித்து, பிரியாணி தின்று, கதவைச் சாத்திப் படுத்துவிட்டார். இதுவும் பிசின், அதுவும் பிசின் என்று ஷாகிர் வீட்டுச் சாம்பிராணியைப் பொடித்துப் போட்டிருந்தார். அது சிப்புக்கடியில் கருகி, சிப்பின் கம்பிக் கால்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. தின்னரில் நனைத்த பல் பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் போதும். பிரஷ்ஷை எடுத்தார். சாமியா அவர் கையைப் பிடித்தாள். அவளாக அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"தேய்க்காதீங்க அத்தா. தேய்ச்சா கேமுதான ஓடும்?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

இப்போது ஷார்ஜாவில் மதியம் மூன்று மணிக்கு மேல் ஷாகிரை ஏணியில் ஏற்றுவதில்லை, அது ஆலங்குடியில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வீடு வந்து சேரும் நேரம். முதலில் கத்திய ஃபோர்மேன் பிறகு அதற்குத் தகுந்தாற்போல் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் அவர் இரண்டு தடவை குதித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் இடம் விடுவார்கள். நாள் முழுக்க உழைத்த கால், குதித்தால் வலிக்கத்தான் செய்யும். பரீட்சை வந்தால் ஹம்னா பெட்டியைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிடுவாள். அந்த நாட்களில் மனுசன் நன்றாகத் தூங்கலாம். ஆனால் அவர் கட்டிலில் உட்கார்ந்து, சும்மா கிடக்கிற தன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.