மூன்றாவது டொக்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஒன்றைத் தேடி மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். என் மனைவி நோரீனின் அண்ணன் ராய்ஸிடம் 1967 செவெல் கார் ஒன்று இருக்கிறது. என்னிடமும் அதே வருஷத்து செவெல் இருக்கிறது. அவனுடையது நாளை, சனிக்கிழமை, ஃபிளின்ட் நகரத்துப் பழைய கார் ஊர்வலத்தில் போகப்போகிறது. என்னுடையது பன்னிரண்டு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்தி, நான்கு கட்டைகள் மேல் நிற்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கராஜ் கதவு திறந்ததும் காலை வெளிச்சம் அந்தச் சிவப்பு வண்டியின் மேல்"

வேண்டாம். அந்தச் சிவப்பை வர்ணிக்க என் கை மறுக்கிறது.

2

ராய்ஸை நல்லவனாக எழுதுவதா, பீற்றிக்கொள்பவனாக எழுதுவதா என்று குழப்பம். முதல் வரைவில் அவனுக்கு ஒரு தொப்பை வைத்தேன். (உண்மையில் கிடையாது. அதுவும் எரிச்சல்தான்.)

அவன் வண்டியோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இரண்டே கியர். அதைக் கழற்றிவிட்டு மூன்று கியர் உள்ளதை மாட்ட ஆசைப்பட்டான். இரண்டும் ஒரே நீளம், பழைய தாங்கியிலேயே உட்காரும் என்று சொன்னவன் நான். பெயர் வாங்குபவன் அவன். அக்கம்பக்கத்தார் பியர் டின்னோடு வந்து நின்று, "ராய்ஸ், கலக்கிட்டப்பா!" என்கிறார்கள். வண்டிக்கடியில் மல்லாந்து கிடப்பவனை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

3

இனி, இன்று காலை நடந்தது.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் முன், எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கடத்தும் கன்வெர்ட்டரை அதன் முகத்தில் சொருக வேண்டும். பூசணிக்காய் அளவுக்குக் கனத்த இரும்பு. சுற்றிச் சுற்றித் தள்ளினால் படிப்படியாக 'டொக்' என்று உள்ளே இறங்கும். இந்த வேலை தெரிந்தவர்கள் அதை எண்ணுவார்கள். இந்தப் பாக்ஸுக்கு மூன்று. இரண்டோடு விட்டுவிட்டுப் போல்ட்டை முறுக்கினால் உள்ளே ஆயில் பம்ப் உடையும்.*

* எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் செவெல் ஏன் கட்டை மேல் நிற்கிறது என்று நினைத்தீர்கள்?

ராய்ஸ் தள்ளினான். டொக். டொக். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பிக் கையாட்டினான்.

"மூணு ஆயிடுச்சா மச்சான்? நான் கவனிக்கலை."

"ம்" என்றேன்.

(தொப்பையை விட்டுவிட்டால் இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.)

ஜாக்கியால் பாக்ஸைத் தூக்கினோம். எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மூடவில்லை.

"போல்ட்டால இழுத்துடலாமா?" என்றான்.

"சாப்பிட்டுட்டு வந்து பாத்துக்கலாம்."

"அதுவும் சரி. பசியோட உன் கையில ஸ்பானரைக் கொடுத்தா என்னையே முறுக்கிடுவ." சிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு ஸ்டியரிங்ல நீதான் மச்சான். நான் பக்கத்து சீட்டு. இந்த வேலை யாரு செஞ்சதுன்னு ஊரு பாக்கட்டும்."

படுபாவி. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

4

முடிவு ஒன்று: சாப்பிட்டுவிட்டு ராய்ஸ் வீட்டுக்குத் திரும்பிப் போய், "ரெண்டுதான் கேட்டுச்சு" என்று சொல்கிறேன். பாக்ஸை இறக்கி, மூன்றாவது டொக் கேட்கும்வரை தள்ளுகிறோம். அரைமணி நேர வேலை. (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பேனா நின்றது.)

முடிவு இரண்டு: போல்ட் முறுகுகிறது. எஞ்சின் உறுமுகிறது. சிமெண்ட் தரையில் சிவப்பு எண்ணெய் பரவுகிறது. அவன் வண்டியும் கட்டை மேல் ஏறுகிறது. நானும் அவனும் சமம். (இதை ஒரே மூச்சில் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.)

5

நோரீன் கோனி டாக் (எங்கள் ஊர்க் கறி ஊற்றிய சாசேஜ் ரொட்டி) தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டாள். என் எழுத்தை முதலில் படிப்பவள் எப்போதும் அவள்தான்.

"தொப்பையா? எங்க அண்ணனுக்கா?" என்று சிரித்தாள். மூன்றாம் பகுதிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"டெல், இது கதைதானே?"

"கதைதான்."

"அந்த 'ம்'?"

பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ராய்ஸ்.

"எங்கேம்மா உன் புருஷன்? எனக்குப் பொறுக்கலை, ரெண்டு பக்கமும் ஸ்பானரை மாட்டிட்டேன். முறுக்கட்டுமான்னு கேளு. அவன் சொன்னா சரி."

நோரீனே அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவள்தான் படித்துவிட்டாளே. என்னையே பார்த்தபடி போனை நீட்டினாள். நான் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன், கை சும்மா இல்லை என்று காட்டுவதற்காக.

"மச்சான்? இருக்கியா?"

போன் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. வாசிக்கும் நீங்களும்தான் டொக்கை எண்ணினீர்கள். இந்தாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.