லஸ்டனின் இருமல்

லஸ்டனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலை அவருடைய இருமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவர் மனைவி எனெலேசி அப்போது அடுப்படியில் மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக, அதன்பின் மூச்சைத் தேடி இழுக்கிற ஓர் ஓசை. சாவதற்கு முந்தைய இரண்டு வருடமும் கேட்டுப் பழகிய அதே சத்தம், அவர் படுத்திருந்த மூலையிலிருந்தே வந்தது. எனெலேசி துடுப்பைக் கீழே வைக்காமல், "எந்திரிச்சு உக்காந்து இருமுங்க, படுத்துக்கிட்டே இருமுனா நெஞ்ச அடைக்கும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் இறந்துபோனது நினைவுக்கு வந்தது. பதினொரு வயது மகன் லிம்பானி பாயிலிருந்து எழுந்து, மூலையைப் பார்த்து, அப்பா வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

கசுங்கு நகரத்துக்கு வடக்கே கமுலேசா ஊரில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை என்பதால் முதல் வாரம் கூட்டம் இருந்தது. போதகர் வந்து ஜெபித்தார். ஜெபம் முடியும்வரை இருமல் மரியாதையாக அடங்கியிருந்து, ஆமென் சொன்னதும் தொடர்ந்தது. வேர் எரிக்கிற வைத்தியர் வந்து மூலையில் சட்டி வைத்துப் புகை போட்டார். புகை பட்டதும் இருமல் துவண்டு துடித்தது. அதைக் கேட்கப் பொறுக்காமல் லஸ்டனின் தம்பி, "செத்த மனுசன எத்தன வாட்டிய்யா கொல்லுவீங்க" என்று சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். மக்காச்சோளம் அறுவடை ஆகும் காலத்துக்குள் ஊர் பழகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "வீட்டுக்காரருக்கு இன்னிக்குக் கொஞ்சம் தேவல போலருக்கு, சத்தமே கேக்கல" என்று விசாரிப்பார்கள். "குளுரு விட்டுச்சில்ல, அதான்" என்பார் எனெலேசி.

லஸ்டன் ஊருக்கு வேண்டியவர். எல்லோரையும்போலப் புகையிலை பயிரிட்டவர். பனியில் நனைந்த இலையைப் பறித்த பிள்ளைகள் மதியத்துக்குள் தலைசுற்றி வாந்தியெடுப்பது எங்கள் பக்கம் மழைக்கால வழக்கம். அவரும் ஏழு வயதில் அப்படி வாந்தியெடுத்தே இலை பறிக்கப் பழகினார். பன்னிரண்டு வயதில், உலர்த்தும் கொட்டகையில் உதிர்ந்த இலைத்தூளைச் செய்தித்தாளில் சுருட்டி முதல் முறை பற்றவைத்தார். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அந்தக் குரல் எழும்பினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். முப்பத்தெட்டாம் வயதில் ஒரு பாட்டின் பாதியில் மூச்சு நின்றது. அதற்கப்புறம் அவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து உதடு மட்டும் அசைத்தார். மாவட்ட ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஒன்று சுருட்டினார். நாற்பத்து நான்கில் போய்ச் சேர்ந்தார்.

எனெலேசி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் புகையிலையின் தீமைகள் என்று ஒரு பாடம் உண்டு. கறுத்த நுரையீரல் படமும் கீழே ஐந்து கேள்விகளும். எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரைத் தகடு புகையிலை விவசாயிகள் போட்டுக் கொடுத்தது. பிள்ளைகள் உடுத்தியிருந்த சீருடை அந்த இலை விற்று வந்தது. ஆசிரியை பாடத்தை எடுத்தால் கடைசிப் பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன், "டீச்சர், இது அவ்ளோ பொல்லாததுன்னா மொதல்ல எங்கப்பனயில்ல போலீசு புடிக்கணும்" என்பான். வகுப்பு சிரிக்கும். எனெலேசியும் சிரித்து, கேள்விகளை எழுதிப்போட்டு, பக்கத்தைத் திருப்பிவிடுவார். பதினான்கு வருடம் அப்படித்தான் நடத்தினார். அந்தப் பதினான்கு வருடமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் லஸ்டன் வாசலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருப்பார். கணவரிடமும் எனெலேசி எதையும் சொன்னதில்லை.

கணவர் போன அடுத்த ஜூன் மாதம், புகையிலைச் சிப்பங்கள் லாரி ஏறிக்கொண்டிருந்த குளிர்காலத்தில், அந்தப் பாடம் வந்தது. காலையில் எனெலேசி மூலையைப் பார்த்து, "என்கூட ஒரு எடத்துக்கு வரணும். நடக்க முடியுமா?" என்று கேட்டார். இருமல் எழுந்து பின்னாலேயே வந்தது. ஒற்றையடிப் பாதையில் ஏற்றம் வந்த இடத்தில் இரண்டு தடவை நின்றது. எனெலேசியும் நின்றார். வகுப்பில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்றார். பிறகு கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், புத்தகத்தையும் திறக்காமல், நாற்பது நிமிடம் கை கட்டி நின்றார். முதலில் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் அதேபோல இருமிக் காட்டினான். பத்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. நாற்காலியில் ஆள் இல்லை. மூச்சு கிடைக்காமல் ஒருவர் அதில் உட்கார்ந்திருந்ததை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். இழுப்பு நீண்டபோது பிள்ளைகள் தங்களை அறியாமல் வாயைத் திறந்து அவருக்காக மூச்சு வாங்கினார்கள். முன்பெஞ்சிலிருந்த ஃபலேசி என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், சாருக்கு வலிக்குதா?"

"இப்ப வலிக்கல. அப்ப வலிச்சுது."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"முதுகத் தடவிக் குடுத்தேன்" என்றார் எனெலேசி. மணி அடித்தது.

அந்தக் குளிர்காலத்தில் கொட்டகைக்குப் பின்னால் செய்தித்தாள் சுருட்டிய பையன்கள் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள். பள்ளிக் குழுத் தலைவர் வகுப்புக்கே வந்து, ஊரே பிழைக்கிற பயிரைப் பிள்ளைகளிடம் இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா என்று எனெலேசியிடம் சண்டை போட்டார். பேச்சின் நடுவில் நாற்காலியிலிருந்து இருமல் வந்தது. தலைவர் லஸ்டனோடு ஒரே பாடகர் குழுவில் நின்றவர். தொப்பியைக் கழற்றி, "எப்படி இருக்கே லஸ்டன்" என்று கேட்டுவிட்டு, சண்டையை முடிக்காமலே போய்விட்டார். செய்தி பரவி, பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து ஆள் வந்தது. மூன்று வருடம் ஒவ்வொரு ஜூனிலும் எனெலேசி இருமலைக் கூட்டிக்கொண்டு மாவட்டத்தைச் சுற்றினார். வாடகை சைக்கிள் ஓட்டும் மசினா அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான். மேட்டில் மிதிக்க முடியாதபோது, "சார ஏத்தத்துல மட்டும் எறங்கி வரச் சொல்லுங்க டீச்சர்" என்பான். இறங்கச் சொன்னதும் சைக்கிள் லேசாகும்.

இந்தச் சுற்றலில் ஒன்று யாருக்கும் தெரியவில்லை. எனெலேசிக்கும் தெரியவில்லை. மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நடுங்கவைத்த அந்தச் சத்தம் லிம்பானிக்குத் தாலாட்டு. பாலகனாக இருந்தபோதே அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துத் தூங்கியவன் அவன். உள்ளே குறட்டையும் விசிலும் கலந்து ஓடுகிற அந்த ஓசை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. அம்மாவின் வகுப்பில் அவன் படித்த வருடம், மற்ற பிள்ளைகள் காதைப் பொத்தியபோது, அவன் மேசையில் தலை சாய்த்து, கண்ணை மூடி, புன்னகையோடு உட்கார்ந்திருந்தான். அருகில் இருந்த பையன் இதை எனெலேசியிடம் சொன்னான். அவர், பையன் அப்பாவை நினைத்து அழுகையை அடக்குகிறான் என்று எடுத்துக்கொண்டார். ஜூன் மாதங்களில் அவர் ஒரு வாரம், இரண்டு வாரம் வெளியூர் போவார். வீடு சத்தமில்லாமல் கிடக்கும். லிம்பானி சித்தப்பா வீட்டில் களியும் பொடிமீன் கருவாடும் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுக்கு வந்து காலியான மூலையில் உட்கார்ந்திருப்பான்.

நான்காம் வருடம் ஜூனில், எழுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த தூரத்துப் பள்ளி ஒன்றில், எனெலேசி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கை கட்டி நின்றார். சத்தம் வரவில்லை. அரை மணி நேரம் நின்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியில் சைக்கிள் மேட்டிலும் லேசாகவே இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மசினாவை விரட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. போய்ப் பார்த்தார். லிம்பானி கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து செய்தித்தாள் சுருட்டைப் புகைத்துக்கொண்டிருந்தான். அவன் ஊதிய புகை போன பக்கமெல்லாம் இருமல் போனது. அவன் சின்னக் குரலில் பள்ளிக்கூடக் கதையை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனெலேசி சுருட்டைப் பிடுங்கி மிதித்தார். பையனை அடிக்கக் கை ஓங்கினார். அவன் விலகவில்லை.

"எத்தன நாளாடா?"

"ரெண்டு வருசமா."

"உங்கப்பன் செத்ததப் பாத்தியில்ல? கண்ணால பாத்தியில்ல?"

"பத்த வச்சா வர்றாரும்மா. எங்க இருந்தாலும் வந்துர்றாரு." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "நீ ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் அவர இட்டுட்டுப் போயிர்ற. நான் எப்பத்தான் அவரோட இருக்கறது?"

எனெலேசியின் கை இறங்கிவிட்டது. அதன் பிறகு அவர் இருமலை எங்கும் அழைத்துப் போகவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது. கணவருக்கு உடம்பு சரியில்லை, பயணம் ஆகாது என்று பதில் எழுதினார். அலுவலகமும் அதை ஏற்றுக்கொண்டு கோப்பில் வைத்தது. அப்பா மூலையிலேயே இருப்பார், இனி புகைக்கு வேலையில்லை என்று தாயும் மகனும் பேசி முடிவெடுத்தார்கள். லிம்பானிக்கு அது மனமாரச் சம்மதம். இருந்த இலைத்தூளையெல்லாம் அவனே ஓடையில் கொட்டினான். மூன்று நாள் புகைக்காமல் இருந்தான். கை நடுங்கியது, எரிந்து விழுந்தான், நாலாம் நாள் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தான். அதையும் மீறி எனெலேசிக்குப் புகை வாசனை தெரிந்தது. மறுபடி ஓடையில் கொட்டினான். பதினாறு நாள் இருந்தான். அதற்கப்புறம் ஒரு மாதம்கூட இருந்தான். பிறகு ஒரு நாள், மூலையில் இருமல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அதன் அருகிலேயே உட்கார்ந்து ஒன்று பற்றவைத்தான். எனெலேசி அவன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அப்பா இங்கதானடா இருக்காரு. அப்புறம் யாருக்காக?"

"தெரியலம்மா. அவருக்காகத்தான் ஆரம்பிச்சேன்." பையன் அழுதான். "இப்ப அவரு பக்கத்துல இருக்கறப்பவே கை அதுபாட்டுக்குப் போவுது. எனக்கு இது புடிக்கக்கூட இல்ல."

அவனுக்கு அப்போது பதினைந்து வயது. எனெலேசி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த ஜூனில் ஏழாம் வகுப்பில் அவர் நாற்காலி போடவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அப்பாவைத் தேடிப் புகைத்த ஒரு பையனின் கதையைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. பெயர் எல்லோருக்கும் தெரியும். இதை எழுதுகிறவனும் அந்த வகுப்பில், மூன்றாம் பெஞ்சில் இருந்தான். "காரணம் போயிரும் பிள்ளைங்களா, அது போகாது" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றோம். எங்கள் வகுப்பில் ஒருவனும் புகைக்கவில்லை. அதற்கு அடுத்த வகுப்பில் சிலர் புகைத்தார்கள். ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருடம் அவர் அந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் குரல் உடைந்தது.

லிம்பானி வளர்ந்து, சிப்பம் ஏற்றும் லாரிக்கு ஓட்டுநரானான். கல்யாணம் ஒன்று நடந்து, மாமனாரின் இருமலோடு குடித்தனம் செய்ய முடியாது என்று அந்தப் பெண் இரண்டாம் வருடம் தாய்வீட்டுக்குப் போனாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளை. சாலையில் நடந்து போகும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வான். ஏறும்போதே கையிலிருப்பதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவான். அவர்கள் இறங்கியதும் வேறொன்று பற்றவைப்பான். வருடத்துக்கு நாலைந்து தடவை விட்டான். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினான், உபவாசம் இருந்தான், போதகர் முன் கையடித்துச் சத்தியம் செய்தான். முப்பத்தாறாம் வயதில், ஒரு ஞாயிறு காலை, தேவாலயத்துக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் குனிந்த வாக்கிலேயே இருமினான். மூன்று முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக, அதன்பின் மூச்சைத் தேடி இழுக்கிற ஓர் ஓசை.

உள்ளே மூலையில் அந்த நேரம் லஸ்டன் இருமிக்கொண்டிருந்தார். மகனுடைய இருமலைக் கேட்டதும் நடுவிலேயே அவருடைய இருமல் நின்றது. இருபத்தைந்து வருடத்தில் அது அப்படிப் பாதியில் நின்றதே இல்லை. எனெலேசி தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்த கையோடு உள்ளே போய், "என்னங்க?" என்று கேட்டார். அன்றோடு லஸ்டனின் இருமல் அந்த வீட்டில் கேட்கவில்லை. குழாயடியில் பெண்கள் ஒரு வாரம் விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவர் போய்விட்டார் என்று தம்பி சொன்னார். எனெலேசி ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் தினமும் அவருக்கு வைத்த தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருந்தது.

லிம்பானி இப்போது லாரி ஓட்டுவதில்லை. வெயில் நேரங்களில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இருமல் வந்தால் இரண்டு நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம் நீடிக்கும். அப்போது வீட்டுக்கு வந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள், அது ஊர் வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் இருப்பது லஸ்டனையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் இருமும்போது, அவருக்கு மூச்சு திரும்பக் கிடைக்கும்வரை, மற்ற இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவது வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.