பாப்பா வைத்த அளவு

உப்பளத்து வரப்பில் செருப்போடு நடந்தால் வழுக்கும் என்று பஸ் டிரைவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவர் மனைவி கேட்டால்தானே. பாதி வழியில் இரண்டு செருப்பிலும் சேறு அப்பிக்கொள்ள, கழற்றுவதற்காக நின்றாள். குனிவதற்கு முன்னால் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சுக்கோங்க. எதையும் திருப்பிடாதீங்க."

அது மகளுடையது. முப்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லீவு விட்டால் போதும், பறவை பார்க்க அப்பாவை இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது, எங்கேயோ கத்துகிற உள்ளான் குருவி கேட்கும் என்று அம்மா கரித்துக்கொட்டுவாள். ஒருமுறைகூட அவர்களோடு வந்ததில்லை. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் பாப்பாவைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பைனாகுலரை யாரையும் தொட விடவில்லை. இரண்டு குழல்களுக்கும் இடையே இருக்கும் அகலம் பாப்பா தன் கண்களுக்கு வைத்தது. நடுவில் இருக்கும் சக்கரம் அவள் கடைசியாக உருட்டியது. அப்படியே வைத்து, அவள் பார்த்த மாதிரியே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இன்றைக்கு அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

டிரைவரைக் கெடுத்தது பழக்கம்தான். எதிர்ப் பாத்தியில் உள்ளான் கூட்டம் ஒன்று இறங்கியது. அதில் சின்னதாக ஒன்று மட்டும் அலகைத் தண்ணீரில் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டியது. அவர் கை யாரையும் கேட்கவில்லை. பைனாகுலரைத் தூக்கி, தன் முகத்துக்கு அகட்டி, சக்கரத்தை உருட்டியது. தெளிந்தது. நுனி கரண்டியாய்த் தட்டையான அலகு. பாப்பா வருஷக்கணக்காகத் தேடிக் கிடைக்காத அதே பறவை.

"பாப்பா, இங்க பாரு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினார். பின்னால் மனைவி குனிந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது. குழல்களை நெருக்கினார், அகட்டினார். சக்கரத்தை எந்தப் பக்கம் உருட்டினோம் என்பதே நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளில் வண்டி திருப்பிய கைக்கு இதைத் திருப்பி வைக்கத் தெரியவில்லை.

அவள் வந்து வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் மங்கலா இருக்குங்க. பாப்பாவுக்குக் கண்ணு இவ்வளவு மோசமாவா இருந்துச்சு? உக்காந்து உக்காந்து பரீட்சைப் பேப்பரா திருத்துவாளே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

நான்தான் திருப்பினேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பாப்பாவின் கண் சரியாகிவிடும். பாப்பா வைத்த அளவு போய்விடும்.

"உன்னை எதுக்குக் கவலைப்பட வைக்கணும்னு விட்டிருப்பா," என்றார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"எவ்வளவு உக்காந்திருக்கு பாருங்க, வெள்ளை வெள்ளையா."

அந்தப் பக்கம் பறவை ஒன்றுகூட இல்லை. அள்ளிய உப்பைப் பாத்தி ஓரமாய்க் குவித்துக் குவித்து வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க, பறக்கிறதைப் பார்த்துட்டுப் போயிடலாம்," என்று சொல்லிவிட்டு, அவள் பைனாகுலரை இறக்காமல் நின்றாள்.