கென்னாவைக் கூப்பிட்ட விதம்

“நான் சுருளை விரிச்சாப் போதும், கூலிக்கு ஒப்பாரி வைக்கிற அத்தனை பேரும் நிஜமாவே அழுவீங்க!”

தீப்ஸ் நகரின் மேற்குக் கரையில், கல்லறை வாசலில் நின்று ஓதுவார் நெப்நக்த் இப்படிச் சொன்னதும், ஒப்பாரிக்காரிகளின் தலைவி வாபெத் சிரித்த சிரிப்பில் மலையிலிருந்து நாலு கல் உருண்டது.

“முப்பது வருஷமா மாரடிக்கிறேன் சாமி. சொந்தப் புருஷன் போனப்பவே இந்தக் கண்ணு நனையல. உங்க கனைப்புக்கா நனையப் போகுது?”

“கனைப்பா? பிரமிடு கட்டினவங்க பேசின பேச்சும்மா! என் வாயில மட்டுந்தான் மிச்சம் இருக்கு.”

அன்று கல்தச்சன் கென்னாவின் அடக்கம். சவப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினார்கள். செத்தவன் தன் பெயரைக் கேட்டு வந்தால்தான் படைத்த ரொட்டியும் பீரும் அவனுக்குச் சேரும். நெப்நக்த் ஆரம்பித்தார். ஊர் வாய் ஆயிரம் வருடமாக விழுங்கிவிட்ட ஒலிகளையெல்லாம் ஒன்று விடாமல் கக்கினார். பலிக்கு நின்ற காளை பயந்துபோய் ஆற்றங்கரை வரை ஓடியது.

பெட்டியின் கால்மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த கென்னாவின் மனைவி இயி நிமிர்ந்தாள்.

“சாமி, அவரு பேரு இப்படி இல்லையே. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு வராம இருந்துட்டா? பட்டினி கிடப்பாரே!”

அதட்டியிருக்கலாம். நெப்நக்த் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். எழுத்தில் இருப்பது வெறும் மெய்யெழுத்துகள். நடுவில் போட்ட உயிரெழுத்தெல்லாம் அவர் சொந்தச் சரக்கு. இருபது வருடத்தில் இப்படி எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பார்! அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு, பசியோடு கிடக்கிறார்களோ?

“அந்தக் காலத்துல எப்படிப் பேசினாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா,” என்றார், தரையைப் பார்த்து. “நானா இட்டுக்கட்டினது. வீட்டுல நீ எப்படிக் கூப்பிடுவே?”

“‘கென்னோ, ரொட்டி ஆறுது’ம்பேன்.”

நெப்நக்த் சுருளைக் கீழே வைத்தார். பெட்டியின் காதருகே குனிந்து, அவள் இழுத்த இழுப்பிலேயே, “கென்னோ, ரொட்டி ஆறுது, வாப்பா!” என்றார். பிறகு பழைய கல்லறைகள் இருந்த மலைப்பக்கம் திரும்பினார். நினைவுக்கு வந்த பழைய பெயர்களை எல்லாம், தெருவில் கூப்பிடுவதுபோல, குரல் உடைய உடையக் கூப்பிட்டார்.

ஒப்பாரி நின்றுபோயிற்று. அந்த வருடம் நைல் இரண்டு முழம் கூடுதலாக ஏறியது மழையால் அல்ல என்று படகுக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

நெப்நக்த் யார் முகத்தையும் பார்க்காமல் சுருளைப் பொறுக்கினார். வாபெத் எதிரே வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“சும்மா சொல்லக் கூடாது சாமி. அழுதுட்டேன். நிஜமாவே அழுதுட்டேன்.”