ஒரு நாள் முந்தி

எஃகுத் தொட்டியின் மூடியில் காதை ஒட்டிவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள் ரக்னா. உள்ளே பொடிப்பொடியாக ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றும்போது வருமே, அப்படி.

இது நொதித்து முடிந்துவிட்ட பீரின் சத்தமா, முடியாத பீரின் சத்தமா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி வோஸ் பள்ளத்தாக்கின் இந்தப் பண்ணைக்கு வந்த நாளிலிருந்து இந்த நிலவறை அவள் கணவன் தோர்லைவின் ராஜ்யம். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை ஊறவைப்பது, வாசனைக்கு ஜூனிப்பர் புதரின் கிளைகளைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவது, ஈஸ்ட் போடுவது எல்லாம் அவன்தான். அவள் வேலை குவளை கழுவுவதும் வருகிறவர்களுக்கு ஆட்டிறைச்சி அறுத்து வைப்பதும். இப்போது அவன் மேலே, சமையலறைக்குப் பக்கத்து அறையில், இரண்டு தலையணைக்கு மேல் சாய்ந்து கிடந்தான். தொட்டி அவள் கைக்கு வந்துவிட்டது.

தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. போதுமான சூடா? மூடியை நிறையத் தடவை திறந்துவிட்டோமோ? ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது நுரையா, கெட்டுப்போவதன் அடையாளமா? பீப்பாயைக் கொதிநீர் விட்டு அலசினாள்தான். ஆனால் அலசிய பிறகு கையால் உள்ளே துடைத்தாளே, அந்தக் கை சுத்தமாக இருந்ததா?

"ரக்னா!" நிலவறைப் படியின் மேலிருந்து நாத்தனார் கீரிட்டின் குரல். "முட்டையா அது, அடைகாக்குறதுக்கு? நர்ஸ் வந்திருக்காங்க, மேல வா."

நர்ஸ் போர்வையை விலக்கித் தோர்லைவின் முழங்காலைப் பார்த்தாள். ரக்னாவை நடைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"முழங்கால் நீலம் பாரிச்சிருக்கு. மூச்சுக்கு நடுவுல இடைவெளி கூடுது பாருங்க. இன்னைக்குள்ளன்னு நினைக்கிறேன்."

"நாளைக்குக் காலை வரைக்கும்?"

நர்ஸ் அவள் முழங்கையைப் பிடித்து லேசாக அழுத்திவிட்டு, சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு போனாள்.

இந்தப் பள்ளத்தாக்கில் யார் இறந்தாலும் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டில் காய்ச்சிய பீர் கொடுக்க வேண்டும். கடைப் பீர் வைத்த வீட்டைப் பற்றி அடுத்த அடக்கம் வரை பேசுவார்கள். காய்ச்சுகிறவனே படுத்துக்கொண்டால்? பக்கத்துப் பண்ணை அஸ்லாக், "நான் காய்ச்சித் தர்றேண்டா" என்று போன வாரம் வந்து சொன்னான். தோர்லைவ் கண்ணைத் திறக்காமலே, "உன் பீரா? சாகுறவனுக்கு அது வேற தண்டனையா?" என்றான். அஸ்லாக் சிரித்தபடியே மூக்கைச் சிந்தினான்.

அப்போதுதான் ரக்னா, "நானே காய்ச்சுறேன்" என்றாள். தோர்லைவ் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அவள் முதுகை நீவிவிட வேண்டியதாயிற்று. அப்புறம் படுக்கையிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"பீப்பாய்க்கு மாத்துற அன்னைக்கு இந்தக் கதவைத் திறந்து வை. நான் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றும் நாளில் அக்கம்பக்கத்தார் அழைக்காமலே வருவார்கள். முதல் கிண்ணம் சுற்றி வரும். பழைய கதைகள் வரும். வருஷத்தில் இந்த வீடு நிறைந்து சத்தம் போடும் நாள் அதுதான். அந்தச் சத்தத்தை அவன் காதில் போட்டு அனுப்ப வேண்டும். ரக்னாவுக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு பிழை நேர்ந்துவிட்டது. ஈஸ்டைத் தொட்டியில் போடும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்தினால்தான் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், பீர் முறுக்கேறும். கத்தாமல் போட்டால் மந்தமாகிவிடும். இது இங்கே குழந்தைக்கும் தெரியும். ரக்னா ஈஸ்டைப் போட்டபோது, வலியோடு இரவெல்லாம் புரண்டவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். அவள் வாயைத் திறந்தாள், மேலே பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அவன் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் கத்தல?"

"நீ தூங்கிக்கிட்டு இருந்தே."

"சரிதான். இப்ப ஈஸ்டும் தூங்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை மூடியைத் தூக்கும்போதும் ஈஸ்ட் விழித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

நர்ஸ் போனதும் ரக்னா நிலவறைக்கு இறங்கி, ஒரு கரண்டி பீர் எடுத்துக்கொண்டு வந்தாள். அவனால் விழுங்க முடியாது. உதடு நனைப்பதற்கு நர்ஸ் கொடுத்திருந்த, முனையில் பஞ்சு வைத்த குச்சியைக் கரண்டியில் தோய்த்து அவன் வாயில் வைத்தாள். அவன் சப்பினான். நெற்றி சுருங்கியது. தொலைவில் யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவன் போல் கிடந்தான்.

"மாத்திடலாமா?"

தலையை ஒரு பக்கம் அசைத்தான். "நாளைக்கு."

"சரி. நாளைக்கு."

போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை இன்னொரு தடவை சரிசெய்தாள். சமையலறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்து அஸ்லாக்கை அழைத்தாள்.

"மத்தியானம் மாத்துறேன். எல்லாரையும் கூட்டிட்டு வா."

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கீரிட் கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் நாளைக்குன்னுதானே சொன்னான்? எனக்கே கேட்டுச்சே."

"எனக்கும் கேட்டுச்சு."

"பதமாகுறதுக்கு முன்னாடி மாத்தினா பாகு மாதிரி இனிக்கும். மூடின பீப்பாய்க்குள்ள பொங்கும். ஊரே குடிச்சிட்டுச் சிரிக்கும். உனக்குத் தெரியாது, நீ பட்டணத்துக்காரி, பெர்கன்காரி. பெர்கன்ல பீர் கடையில காய்க்குது. இங்க நாங்க..."

கீரிட் நிறுத்தினாள். ரக்னாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தம்பி படுத்திருந்த அறையின் கதவைப் பார்த்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய மரக்கிண்ணத்தை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

"எத்தனை பேர் வர்றாங்க?" என்றாள்.

மத்தியானம் அஸ்லாக் வந்தான். அவன் மனைவி மார்த்தா, மேல்பண்ணைச் சகோதரர்கள் இருவர், ஆட்டைத் தேடி மலைக்குப் போய் அப்படியே ரப்பர் சப்பாத்தோடு திரும்பிய இன்னும் சிலர், எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் அறை வாசலில் நின்று தோர்லைவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கினார்கள். ரக்னா அறைக் கதவை அகலத் திறந்து, நகராதபடி ஒரு விறகுக்கட்டையை முட்டுக்கொடுத்தாள். நிலவறைக் கதவையும் திறந்துவிட்டாள்.

அஸ்லாக் தொட்டி மூடியைத் தூக்கினான். நுரை கெட்டியாக நின்றது. குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்து ரக்னாவைப் பார்த்தான்.

"ரக்னா, இது இன்னும்..."

"தெரியும்."

அவன் அண்ணாந்து நிலவறையின் மரக்கூரையைப் பார்த்தான். அந்தப் பலகைகளுக்கு மேலேதான் தோர்லைவின் கட்டில். மற்றவர்களும் ஒவ்வொருவராக மேலே பார்த்தார்கள்.

அஸ்லாக் மூடியைச் சுவரோடு சாய்த்து வைத்தான். "ஆகட்டும்! குழாயை எடு!" என்றான், தேவைக்கு மேல் உரக்க.

ரக்னா ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டாள். மறு முனை தொட்டிக்குள். அடைத்த முனை பீப்பாயின் அடிவரை போக வேண்டும், பீர் மேலிருந்து கொட்டக்கூடாது. கொட்டினால் காற்று கலக்கும், காற்று கலந்தால் இரண்டே நாளில் பழைய அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். சலசலவென்று சத்தம் வந்தால் தப்பு நடக்கிறது என்று அர்த்தம். தோர்லைவ் சொன்னதெல்லாம் ஒரே சமயத்தில் மண்டைக்குள் ஓடியது. குழாயில் இருந்த தண்ணீரை ஒரு வாளியில் விட்டு, பீர் வரத் தொடங்கியதும் பீப்பாய்க்குள் இறக்கினாள்.

சத்தமில்லாமல் இறங்கியது. பாதி வரை. அப்புறம் தொட்டிக்குள் இருந்த முனை நழுவி மேலே வர, குழாய் நாய் தண்ணீர் குடிப்பது போல் சளப் சளப் என்றது. அஸ்லாக்கின் கை தானாக முன்னால் வந்தது. மார்த்தா அவன் சட்டையைப் பின்னால் இழுத்தாள். ரக்னா முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு முனையை அமுக்கினாள். சத்தம் நின்றது. அந்தக் கை சுத்தமா என்று நினைக்கக்கூட நேரமில்லை. அடியில் ஈஸ்ட் படிந்திருந்த இடம் தெரிந்ததும் குழாயை வெளியே எடுத்தாள். சட்டைக் கை சொட்டச் சொட்ட நின்றாள்.

கிண்ணம் சுற்றியது. அஸ்லாக் முதல் வாய் குடித்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் உதட்டை நக்கினான்.

"ஏம்மா ரக்னா, ஈஸ்ட் போட்டப்ப நீ கத்தவே இல்லையாமே?"

"இல்ல."

"அதான் பார்த்தேன்! நல்லாத் தூங்கியிருக்கு."

மார்த்தா வாங்கிக் குடித்தாள். "கத்தாம போட்டா இனிக்கத்தான் செய்யும். எங்க அம்மா ஒரு தடவை தொண்டை கட்டிப்போய் கத்தலை. அந்த வருஷம் கிறிஸ்மஸ் முழுக்க நாங்க பீர்லதான் கஞ்சி செஞ்சோம்."

"பெர்கன்ல எல்லாம் ஈஸ்டைக் காதுல ரகசியம் சொல்லித்தான் எழுப்புவாங்க போல" என்றான் மேல்பண்ணைப் பெரியவன்.

"நீ கத்துறது மட்டும் என்ன வாழுது? போன வருஷம் நீ கத்தினதுல என் பசு கன்னு போட்டுடுச்சு, இன்னும் மாசம் இருந்துச்சு!" என்றான் அஸ்லாக்.

சிரிப்பு நிலவறைக்குள் எழும்பிக் கூரைப் பலகையில் மோதியது. கிண்ணம் கைமாறிக்கொண்டே இருந்தது. இனிப்பைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். கத்தாததைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். சீக்கிரம் மாற்றிவிட்டாய் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ரக்னா ஒரு குவளையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மேலே போனாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கீரிட் உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து பேச்சும் சிரிப்பும் திறந்த கதவுகள் வழியாக அறைக்குள் வந்துகொண்டிருந்தன. தோர்லைவின் கண் பாதி திறந்திருந்தது.

பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அவன் வாயில் வைத்தாள். சப்பினான். அவனுடைய பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே மத்தியான வெயில், எதிர்ச் சரிவில் ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் அதே நாள்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பார்வை அவளிடம் திரும்பியது.

ஒரு நாள் முந்தி மாற்றியதை ரக்னா சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

"நீ கத்தலை" என்றான் அவன், மெதுவாக. ஒரு மூச்சு விட்டுப் பிறகு, "அதான்."

"ஆமா" என்றாள் ரக்னா. "அதான்."

அவன் வாயோரம் கோணியது. கீரிட் எழுந்துபோய், நேராகத் தொங்கிய திரைச்சீலையை நேராக்கினாள்.

கீழே அஸ்லாக், தானும் தோர்லைவும் ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடித்த கதையை ஆரம்பித்திருந்தான். மீன் அவன் கை நீளம் இருந்ததாம். தோர்லைவின் விரல்கள் போர்வைமேல் அசைந்தன. ரக்னா குனிந்து அவன் வாய்க்கு அருகே காதைக் கொண்டுபோனாள்.

"புளுகுறான்" என்றான் தோர்லைவ்.

மீன் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. பனி உடைந்தது, அஸ்லாக் விழுந்தான், தோர்லைவ் அவனை விட்டுவிட்டு மீனை இழுத்தான். அதற்கிடையில் எப்போதோ ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. நீண்டுகொண்டே போனது.

"ரக்னா" என்றாள் கீரிட்.

ரக்னா கையை உயர்த்தி, பொறு என்றாள். குச்சி இன்னும் அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது. கீழே கதை முடிந்து, எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்து ஓயும் வரை அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் தலையசைத்தாள். கீரிட் படியிறங்கிப் போனாள். கீழே எல்லாச் சத்தமும் நின்றது.

டாக்டர் வந்து போனார். மார்த்தா பாத்திரங்களைக் கழுவினாள். மேல்பண்ணைச் சகோதரர்கள் விறகு பிளந்து அடுக்கினார்கள், ஏற்கெனவே நிறைய இருந்தது. அஸ்லாக் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அடியில் நின்ற ஈஸ்டை ஒரு பாட்டிலில் வழித்து வைத்தான். கிளம்பும்போது வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"பீப்பாய் அடைப்பை இறுக்கிடாத, ரக்னா. அது உள்ள இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அப்பப்ப தளர்த்திக் காத்தை விடு. மறந்துட்டா வெடிச்சிடும்."

"எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை?"

"அது... அடைப்புல விரல் வச்சா தெரியும்."

"சனிக்கிழமை அடக்கத்துக்குள்ள சரியாயிடுமா? இனிப்புப் போயிடுமா?"

அஸ்லாக் யோசித்தான். "போகலாம்" என்றான். "பார்த்துக்கிட்டா."

மறுநாள் காலை, தோர்லைவ் பீர் பதமாகும் என்று சொன்ன காலை, சவவண்டி வளைவில் ஏறி வரும் சத்தம் கேட்டபோது ரக்னா நிலவறையில் பீப்பாய் அடைப்பில் விரல் வைத்தபடி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடைமேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். பொழுது விடிந்ததிலிருந்து அவள் அங்கேதான் போவதும் வருவதுமாக இருந்தாள்.

கீரிட் படியில் இறங்கி வந்தாள். "வண்டி வந்தாச்சு."

"ஒரு நிமிஷம். இப்ப விடலைன்னா..."

"வாசல்ல நிக்கிறாங்க, ரக்னா. அவனைத் தூக்கும்போது நீ இருக்க வேணாமா?"

ரக்னா எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கை அடைப்பைவிட்டு வரவில்லை.

கீரிட் பக்கத்தில் வந்து நின்றாள். இன்னொரு பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரக்னாவின் விரல்களை அடைப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தன் கையை அங்கே வைத்தாள்.

"எவ்வளவு திருகணும்?"

"கால் திருகு. மெதுவா. சத்தம் நின்னதும் மூடிடு. இறுக்கிடாத."

"போ."

ரக்னா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். படியேறினாள். பாதி வழியில், பின்னால் காற்று சீறி வெளியேறும் சத்தம் கேட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சத்தம் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, நின்றது. அடைப்பு மரத்தில் பொருந்தும் சின்னச் சத்தம் கேட்டது.

அதன் பிறகு மீதிப் படிகளை ஏறி வாசலுக்குப் போனாள்.