காலியாய்க் கிடந்த மூன்றாம் மாடி

குதிகாலில் தொடங்கி இடுப்பு வரை ஒரே வலி. ராத்திரி முழுக்க இத்தாலியின் மிலான் நகர மொத்தச் சந்தையில் காய்கறிப் பெட்டி இறக்கிவிட்டு முதல் ரயிலில் ஊர் வந்து சேரும்போது, எனக்குக் கால் இருப்பதே வலியால்தான் தெரியும். நான் இறங்கும் நேரத்தில் எதிர் நடைமேடையில் ஊரே மிலான் போக நிற்கும். கழுத்தில் டை, தோளில் லேப்டாப் பை, பாதித் தூக்கத்தில் முகம். அவர்கள் போவார்கள், நான் வருவேன். பகலில் இந்த ஊரில் மிச்சம் இருப்பது வயசானவர்களும் நாய்களும் நானும்தான். அதிலும் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அதுதான் வினையாகிப் போனது.

பெரு நாட்டில் இருக்கும் என் மனைவி நெலிதாவைக் கூட்டிவர வேண்டும் என்றால், முதலில் நான் இங்கே குடியிருக்கிறேன் என்று நகராட்சிப் பதிவில் ஏற வேண்டும். எழுதிக் கொடுத்தால் மட்டும் ஏறாது. நகராட்சிக் காவலர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணி அடிப்பார். கதவு திறந்தால் ஆள் இருக்கிறான், திறக்காவிட்டால் இல்லை. வந்திருக்கிறார், அடித்திருக்கிறார். நான் பிணம் மாதிரிக் கிடந்திருக்கிறேன்.

"எத்தனை தடவைதான் வந்து பாக்கறது? நீங்க இல்லவே இல்ல," என்றாள் நகராட்சி கவுண்டரில் இருந்த பெண்.

"தூங்கிட்டிருந்தேன் சின்யோரா." இங்கே அம்மா என்று கூப்பிட அதுதான் வார்த்தை.

"மூணாம் மாடி காலியாக் கிடக்குன்னு கீழ்வீட்டு அம்மாவே சொல்லியிருக்காங்க. ஒரு பொட்டுச் சத்தம்கூடக் கேட்டதில்லையாம். இந்த வாரம் இன்னொரு தடவை வருவார். அப்பவும் இல்லைன்னா மனு தள்ளுபடி."

கீழ்வீட்டு அம்மா என்றால் ரொசால்பா. நாற்காலியை இழுத்ததற்காக ஒரு குடும்பத்தையே காலி செய்ய வைத்தவர். சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "ரொசால்பா கிட்டேருந்து எனக்கு ஒரு போன் வந்துச்சுன்னா, அன்னைக்கே நீ மூட்டையைக் கட்டிரு." அதனால் சொந்த வாசலுக்குள் திருடன் மாதிரி வாழ்ந்தேன். காலில் எப்போதும் தடித்த சாக்ஸ். நாற்காலிக் கால்களுக்குப் பழைய கம்பளித் துண்டு. தும்மல் வந்தால் தலையணை. இவ்வளவு ஒழுங்காய் இருந்ததற்குப் பரிசு, நான் இல்லவே இல்லை என்று ஒரு சாட்சி.

நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் மணியை அடித்தேன். சங்கிலி போட்ட கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"நீயா? போன வாரம் படிக்கட்டு மூலையெல்லாம் அப்படியே விட்டுட்டியே."

தினம் காலையில் பையும் கையுமாக நான் படியேறுவதைப் பார்த்து, துடைக்க வருகிற ஆள் என்றே முடிவு செய்து வைத்திருந்தார். சண்டை எதற்கு என்று நானும் ஒரு தடவை துடைத்துத் தொலைத்திருந்தேன்.

"சின்யோரா, நான் உங்களுக்கு மேல் வீட்டுல குடியிருக்கேன்."

"மேல யாரும் இல்லப்பா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்." கதவு சாத்தப்பட்டது.

விழித்திருந்து காவலரைப் பிடிக்கலாம் என்று கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கினேன். கழுத்தும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

மறுநாள் ஸ்டேஷன் காபிக்கடை எர்மெஸ், சாராயம் ஒரு சொட்டு விட்ட காபியை என் முன் வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஏண்டா வில்மர், அந்தம்மா சொன்னா நகராட்சி நம்புது. அப்போ அவங்க வாயாலயே நீ இருக்கேன்னு சொல்ல வையி."

"எப்படிடா? காதுல விழாததை நம்ப மாட்டேங்கறாங்க."

"அப்போ காதுல விழ வையி. மதியம் சாப்பிட்டுப் படுப்பாங்க பாரு, அப்ப. அந்த நேரத்துல ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாலே அந்த நகராட்சிக் காவலருக்கே போன் போட்ருவாங்க. அவரும் ஓடி வருவாரு. வரலைன்னா அவரைப் பத்தியே புகார் எழுதுவாங்க."

"வீட்டுக்காரருக்கும் போன் போட்டா?"

"அப்ப தெருதான். பொண்டாட்டி வேணுமா, வீடு வேணுமா, நீயே யோசி."

இரண்டும்தான் வேண்டும். ஆனாலும் அன்று மதியம் தெருவில் ஜன்னல் பலகைகள் எல்லாம் மூடின பிறகு, பெட்டி இறக்கப் போடும் இரும்பு முனை வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டேன். நான் பிறந்தது சுரங்க ஊர். அங்கே கல்யாணத்துக்கு ஆடினால் தரை அதிர வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு அவமானம். போனில் பாட்டை வைத்தேன். மிதித்தேன். முதல் மிதிக்கே குதிகால் வலி மண்டைக்கு ஏறியது. இரண்டாவது மிதியில் அலமாரித் தட்டுகள் பேச ஆரம்பித்தன.

கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் இடித்தார். டொக், டொக். நிறுத்தினேன். மறுபடி மிதித்தேன். டொக், டொக், டொக். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தம்மாவுக்கு நல்ல தாளம். கொஞ்ச நேரம் நாங்கள் சேர்ந்தே வாசித்தோம். பிறகு கட்டை நின்றது. டெலிபோனுக்குப் போய்விட்டார் என்று புரிந்தது. யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. காவலருக்கா, வீட்டுக்காரருக்கா? அதற்காகக் காலை நிறுத்தவில்லை.

மணி அடித்தது. வியர்வையோடு கதவைத் திறந்தேன். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவலர் பெர்த்தோலி. அவருக்குப் பின்னால் இரவு அங்கியில் ரொசால்பா.

"இவன்தான்! என் தலைக்கு மேலயே குடியிருக்கான்! மாசக்கணக்கா இந்தக் கொடுமை!"

பெர்த்தோலி நிதானமாகத் திரும்பினார். "மாசக்கணக்காவா சின்யோரா?"

"ஆமா! ராத்திரி பகல் இல்லாம!"

"மேல ஈ காக்கா இல்லைன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க."

ரொசால்பா இப்போது தன் காதில் விழுந்தது தப்பு என்று சொல்ல வேண்டும், அல்லது நான் அங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். காதை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

"அப்ப விசாரிச்சது சரியில்ல. இவன் இங்கதான் இருக்கான். எழுதிக்கங்க."

பெர்த்தோலி எழுதினார். எட்டிப் பார்த்து என் கட்டிலையும், காயப்போட்ட உள்பனியனையும், பூட்ஸையும் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, மறைத்துக்கொண்டார். "இனி மதியத்துல சத்தம் கூடாது, குடியிருப்பாளரே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை பாடு.

ரொசால்பா போகவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ படி துடைக்கறவன் இல்லையா?"

"இல்ல சின்யோரா."

"அப்போ படியை யாரு துடைக்கறா?"

"யாரும் துடைக்கறதில்ல."

அவர் என் பூட்ஸை மறுபடி பார்த்தார். பிறகு கண் இடுங்கியது. எல்லாம் புரிந்துவிட்டது. "வேணும்னுதான் குதிச்சே. என்னை வெச்சே காரியத்தை முடிச்சுட்ட."

மழுப்பிப் பிரயோஜனம் இல்லை. "ஆமா சின்யோரா. என் பொண்டாட்டி வரணும்."

"அதை ஒழுங்கா வந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். கதவைச் சாத்திட்டீங்க."

படியிறங்கும்போது கைப்பிடியில் விரலை ஓட்டி, தூசியைப் பார்த்து முகம் சுளித்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன், "வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவீங்களா?"

"எதுக்கு? நீ என் தூக்கத்தைக் கெடுத்த கடன்காரன். உன்னைத் துரத்திவிட்டா அதை நான் யார்கிட்ட வாங்கறது?"

பதிவு ஏறிவிட்டது. நெலிதாவின் காகிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்கின்றன. நான் மறுபடி சாக்ஸில்தான் நடக்கிறேன். படியில் பார்க்கும்போதெல்லாம், "நேத்து மதியம் நல்லாத் தூங்கினீங்களா சின்யோரா?" என்று கேட்கிறேன். ஒருநாள் மோட்டார் சைக்கிள் எழுப்பிவிட்டது என்கிறார், ஒருநாள் நாய் என்கிறார், ஒருநாள் மேலே ரொம்ப அமைதியாக இருந்ததால் என்ன ஆச்சோ என்று தூக்கமே வரவில்லை என்கிறார். கணக்கைத் தீர்க்க விடுவதாக இல்லை. சின்யோரா ரொசால்பாவுக்கு நான் தர வேண்டியது ஒரு மதியத் தூக்கம். இன்னும் தரவில்லை.