நெப்ராஸ்காத் தீட்டு

1996 ஆனி மாதம், மகன் வழிப் பேத்தி மௌனிகாவின் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது என் தம்பி ஒருவன் அமெரிக்காவில் இறந்துபோனான். அவனை நான் பார்த்ததில்லை. அவன் எனக்குத் தம்பியானதே போன மாதம்தான், அதுவும் என் வாயால்.

காந்திபுரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அப்துல் நாசர், கிளாரா என்ற அமெரிக்கக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் வெந்து செங்கல் நிறத்தில் இருந்தாள்.

"பழைய கதைன்னா சீனிவாசலு நாயுடுவ உட்டா இந்த ஊர்ல ஆருங்க? பாவம், தேடித் தேடி அலையுது" என்றான்.

அவள் தேடியது தன் அப்பாவழித் தாத்தாவின் அம்மா அபிகேலை. நெப்ராஸ்காப் புல்வெளியில், மண்ணோடு வெட்டியெடுத்த புல்கட்டிகளை அடுக்கிக் கட்டின வீட்டில் வாழ்ந்தவள். புருஷனைப் பனிப்புயல் கொண்டுபோனபின் மிஷன்காரர்களோடு கோயமுத்தூர் வந்தாள். சில வருஷம் கழித்துக் கையில் ஓர் ஆண் குழந்தையோடு திரும்பிப் போனாள்; அந்தக் குழந்தைதான் கிளாராவின் தாத்தா. நிலப்பத்திரம், சென்சஸ் நகல், குடும்ப பைபிளின் முதல் பக்கம், எல்லாவற்றையும் கிளாரா என் கட்டிலில் பரப்பினாள். பிறந்தவர் செத்தவர் எல்லாரும் பைபிளில் இருந்தார்கள். அந்தக் குழந்தையின் அப்பா பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலி.

காலி இடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

"எங்க தாத்தா" என்றேன்.

மீதிக் கதை தானாக வந்தது. காரமடைத் தேரின் அச்சு முறிந்தபோது அபிகேல் தன் வண்டி அச்சைக் கழற்றிக் கொடுத்தாள். பவானி வெள்ளத்தில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் எங்கள் தாத்தாவையும் இரண்டு எருமைகளையும் கரை சேர்த்தாள். எருமைகள் நனையவில்லை.

கிளாரா அழுதாள். காலி இடத்தில் தாத்தா பெயரை மையால் எழுதினாள். என்னைச் சித்தப்பா என்றாள். என் மனைவி பங்காரம்மா அவளை லாட்ஜைக் காலி செய்யவைத்து வீட்டுக்கே கூட்டிவந்தாள். தலை பின்னிவிட்டாள், கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையும் எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் அந்த ஃபோன் வந்தது. கிளாராவின் சித்தப்பா ஏர்ல் மாரடைப்பில் போய்விட்டார். அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே வந்து காப்பி கேட்டேன்.

"காப்பியாவது! போயி தலைக்குத் தண்ணி ஊத்துங்க" என்றாள் பங்காரம்மா.

"எதுக்கு?"

"உங்க சித்தப்பன் பையன் செத்துக் கெடக்கறாரு, எதுக்குங்கறீங்க? தாயாதிங்க. பத்து நாள் தீட்டு."

ஒரு தாத்தாவின் ஆண்வழிப் பிள்ளைகள் தாயாதிகள். ஒருவர் செத்தால் எல்லார் வீட்டிலும் தீட்டு. தீட்டு வீட்டில் தாலி ஏறாது. பத்து நாள் போனால் ஆனி முடிந்து ஆடி. மாப்பிள்ளை யஷ்வந்தின் துபாய் லீவும் ஆனியோடு சரி. கதவோரத்தில் நின்ற மௌனிகா என்னையே பார்த்தாள்.

"பங்காரு, அதெல்லாம் பொய்" என்றேன். "எங்க தாத்தா வெள்ளைக்காரியக் கண்ணால கண்டதில்ல."

"எரும நனையலைன்னது பொய்யின்னு எனக்குத் தெரியாதுங்களா? அது கெடக்கட்டும். பேத்தி கல்யாணத்துக்கோசரம் கூடப்பொறந்த ரத்தத்தையே இல்லீங்கறீங்களே, அடுக்குங்களா?"

சம்பந்தி ரங்கராஜ் வந்தார். அவரிடமும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சங்கடம் புரியுதுங்க மாமா. பொண்ணூட்டுக்காரங்க எல்லாருமே இப்படித்தான் மறைக்கப் பாப்பாங்க. நீங்க பெரிய மனுசரு, வேண்டாமுங்க."

எழுபத்தெட்டு வயதில் முதல்முறையாக உண்மை சொன்னேன். வாங்க ஆளில்லை.

கடைசியில் கிளாராவிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாம் சொன்னேன்.

"எருமை வரும்போதே சந்தேகம்தான்" என்றாள் இங்கிலீஷில். "ஆனால் ஏர்லிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். நாம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர். உங்கள் தாத்தா பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "மௌனிகாவுக்காக" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். எல்லார் முன்னாலும் நின்று, கற்றுவைத்திருந்த தமிழில், "சித்தப்பா சொன்னது பொய்ங்க. நான் உங்கூட்டுப் பொண்ணு இல்லீங்க" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

பங்காரம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா அண்ணா! மௌனி கல்யாணம் நிக்கக்கூடாதுன்னு, அழுகைய முழுங்கிட்டு எப்படிக் கல்லாட்டம் நின்னு பொய் சொல்லுது! இவரு வம்சமில்லாம வேற ஆருங்க இது?"

ரங்கராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளினார்கள்.

"தை வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க தாத்தா" என்றாள் மௌனிகா.

கருமாதியைப் பவானி கூடுதுறையில் வைத்தார்கள். ஏர்லுக்குப் பிள்ளை இல்லாததால் மூத்த தாயாதி நான்தான் உட்கார வேண்டுமாம். ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கிளாரா, ஒரு பக்கம் பங்காரம்மா, முன்னால் எள்ளும் தண்ணீரும். எழுந்து போக வழியில்லை.

"இறந்தவர் என்ன நட்சத்திரமுங்க?" என்றார் ஐயர்.

கிளாரா என்னைப் பார்த்தாள். பங்காரம்மாவும் பார்த்தாள்.

"ரோகிணி" என்றேன்.

"எத்தனாவது பாதமுங்க?"